தொலைந்தால் முதலில் நில்

குழந்தைகளைக் காட்டுக்குக் கூட்டிப்போகிறேன் என்றதும் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: “நெருப்பு மூட்டக் கற்றுக்கொடுப்பீர்களா?” பிள்ளைகளின் கேள்வி இன்னும் சுருக்கம்: “அத்தை, கத்தி தருவீங்களா?” எல்லாம் தொலைக்காட்சி செய்த வேலை. ஒரு கத்தி, ஒரு தீப்பொறி, புழுவைப் பச்சையாக விழுங்கும் துணிச்சல், இவ்வளவு இருந்தால் காட்டில் பிழைத்துவிடலாம் என்று பெரியவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

என் மகன், அண்ணன் பிள்ளைகள், அவர்களோடு ஒட்டிக்கொண்டு வரும் நண்பர்கள் என்று ஒரு சின்னப் பட்டாளத்தை விடுமுறைகளில் வெளியே அழைத்துப்போவது எனக்கு வழக்கமாகிவிட்டது. நான் கற்றுக்கொடுக்கும் வரிசை அவர்கள் எதிர்பார்ப்பதற்கு நேர்த்தலைகீழானது. கத்தியும் நெருப்பும் கடைசியில்தான் வரும். முதலில் நிற்கப் பழக வேண்டும், அப்புறம் பார்க்கப் பழக வேண்டும். கேட்பதற்கு இரண்டுமே சப்பென்று இருக்கும். பிள்ளைகளும் முதல் நாள் உதட்டைப் பிதுக்குவார்கள். பரவாயில்லை.

வழி தவறிவிட்டது என்று தெரிந்த நொடியில் குழந்தைக்கு ஓடத் தோன்றும். நமக்கும் அப்படித்தான், நாம் கொஞ்சம் கௌரவமாக, வேகமாக நடப்பதுபோல ஓடுவோம். “நேராப் போய்க்கிட்டே இருந்தா எங்கயாவது ரோடு வந்துடும்ல அத்தை?” என்று அண்ணன் மகன் ஒருமுறை கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் மனிதனால் நேராக நடக்க முடியாது என்பதுதான் சிக்கல். ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள் சிலரை ஒரு பெரிய காட்டிலும் சகாராப் பாலைவனத்திலும் நடக்கவிட்டு, ஜிபிஎஸ் கருவியால் அவர்கள் போன பாதையைப் பதிவு செய்தார்கள். 2009-இல் அந்த முடிவுகள் வெளியாயின. சூரியன் தெரிந்தபோது ஓரளவு நேராகப் போனவர்கள், மேகமூட்டமான நாளில் வட்டமடித்தார்கள். தங்கள் பாதையையே குறுக்கே கடந்தபோதும் அது அவர்களுக்குத் தெரியவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்தவர்களில் சிலர் 20 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்குள்ளேயே சுற்றினார்கள்.

இதை வாயால் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. ஒரு திறந்த மைதானத்துக்குக் கூட்டிப்போங்கள். துணியால் கண்ணைக் கட்டி, எதிரே இருக்கும் கம்பத்தை நோக்கி நடக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒருவர் காவலுக்குச் சத்தமில்லாமல் நடந்தால் போதும். கட்டை அவிழ்த்ததும் கம்பம் எங்கே, தான் எங்கே என்று பார்க்கும் அந்த முகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். “யாரோ என்னத் திருப்பிவிட்டாங்க” என்று சண்டைக்கு வருவார்கள். அதற்குப் பிறகு “நேராப் போனா ரோடு வரும்” என்ற பேச்சே எழாது.

1981-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் மலைக்காட்டில் வழிதவறி இறந்துபோனான். நடந்துகொண்டே இருந்ததால் தேடியவர்களால் அவனை நேரத்தில் எட்ட முடியவில்லை. அந்தத் தேடலில் இருந்த ஆப் டெய்லர் என்ற தடம் பார்க்கும் வல்லுநரும் வேறு சிலரும் சேர்ந்து, அதன் பிறகு குழந்தைகளுக்காக ஒரு பயிற்சியைத் தொடங்கினார்கள். அதன் சாரம் ஒரே வரிதான்: தொலைந்தால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. நான் கற்றுக்கொடுப்பதும் அதுவே.

நகராமல் இருப்பது ஏன் உதவுகிறது என்பதையும் பிள்ளைகளுக்குப் புரியவைக்க வேண்டும். கடைசியாகப் பார்த்த இடத்திலிருந்துதான் தேடல் தொடங்கும். குழந்தை நடக்க நடக்க, தேட வேண்டிய வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். ஆரம் இரண்டு மடங்கானால் தேட வேண்டிய பரப்பு நான்கு மடங்காகிவிடும். மணலில் குச்சியால் இரண்டு வட்டம் வரைந்து காட்டினால் எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட இது விளங்குகிறது. இன்னொன்று, மரம் என்பது பயத்தில் பிடித்துக்கொள்ள ஒரு துணை. அதற்குப் பெயர் வைக்கச் சொல்வேன், அதோடு பேசச் சொல்வேன். பெரிய பையன்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பேச்சோடு விட்டுவிட்டால் பயனில்லை, விளையாட்டாகப் பழக வேண்டும். நடந்துகொண்டிருக்கும்போதே திடீரென்று “தொலைஞ்சாச்சு!” என்று கத்துவேன். எல்லோரும் பத்து அடிக்குள் இருக்கும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், மூன்று முறை விசில் ஊத வேண்டும், கொஞ்சம் நிறுத்திவிட்டு மறுபடியும் மூன்று. மூன்று மூன்றாகக் கொடுக்கும் சைகை உதவி கேட்பது என்று உலகின் பல பகுதிகளில் மலையேறுபவர்களும் மீட்புக்குழுவினரும் புரிந்துகொள்வார்கள். தொண்டை கிழியக் கத்தினால் சிறிது நேரத்தில் குரல் கட்டிவிடும். விசிலுக்கு அந்தத் தொல்லை இல்லை, சத்தமும் தூரம் போகும்.

தேடுபவர்களின் அனுபவத்தில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விஷயம் இருக்கிறது. பெற்றோர் பலருக்கு அது தெரியாது. தொலைந்த குழந்தை, தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் ஆட்களுக்குப் பதில் கொடுக்காமல் ஒளிந்துகொள்ளும். காரணம் இரண்டு. தெரியாதவர்களோடு பேசாதே என்று நாம்தான் சொல்லி வளர்த்திருக்கிறோம். அதோடு, “தொலைஞ்சு போனதுக்கு அம்மா அடிப்பாங்க” என்ற பயம் வேறு. ஆகவே கிளம்பும் முன்பே, எல்லாப் பிள்ளைகளின் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள்: தொலைந்தால் யாரும் திட்ட மாட்டோம், உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற ஆள் யாராக இருந்தாலும் பதில் சொல்ல வேண்டும், இருட்டில் கேட்கும் விநோதச் சத்தம் உன்னைத் தேடி வருபவர்களுடையதாக இருக்கலாம், அதைக் கேட்டாலும் விசில் ஊது. என் அண்ணன் மகள் இதைக் கேட்டுவிட்டு, “நெஜமாவே திட்ட மாட்டீங்களா? எழுதிக் குடுங்க” என்றாள். எழுதிக்கொடுத்தோம்.

பெரியவர்களுக்கும் ஒரு சின்ன வேலை உண்டு. கிளம்பும் நாள் காலையில் பிள்ளைகளை நிற்கவைத்து, அன்று போட்டிருக்கும் உடையோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேடுவோர் முதலில் கேட்கும் “என்ன நிறச் சட்டை?” என்ற கேள்விக்குப் பதறிப்போன மனம் பதில் சொல்லாது. அப்புறம், மடித்த துண்டின்மேல் அலுமினியத் தாளை விரித்து, செருப்போ ஷூவோ போட்ட காலால் அழுத்தி மிதிக்கச் சொல்லுங்கள். அடிப்பாகத்தின் தடம் அப்படியே பதிந்துவிடும். அதில் பெயரை எழுதி வண்டியில் வைத்துவிட்டால், வழியில் தெரியும் பல காலடிகளில் எது உங்கள் பிள்ளையுடையது என்று பிரித்துச் சொல்ல முடியும். பிள்ளைகளுக்கு இது ஒரு கொண்டாட்டம். யாருடைய ஷூவில் என்ன கோடு என்று ஒப்பிட்டு ஒப்பிட்டு, தடம் பார்க்கும் பாடத்தை அவர்களே தொடங்கிவிடுகிறார்கள்.

இனி, பார்ப்பது.

குழந்தைகளுக்குக் கவனிக்கத் தெரியாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாம் அவர்களை நிற்கவிடுவதில்லை, அவ்வளவுதான். ஒரு பயணத்தில் பாறை ஒன்று குடைபோல நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், பொடிமண்ணில் புனல் வடிவில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. குழியானையின் குழிகள். எல்லோரும் குப்புறப் படுத்தோம். ஒரு எறும்பு விளிம்பில் கால் வைத்தது, மண் சரிந்தது, அது மேலே ஏற ஏற அடியிலிருந்து மண்ணை வாரி வாரி எறிந்தது உள்ளே இருந்த பூச்சி. மணல் எந்தச் சாய்வுக்கு மேல் நிற்காதோ சரியாக அந்தச் சாய்வில்தான் அது குழியைக் கட்டும். அதனால் ஓர் எறும்பின் எடையே போதும், சரிந்துவிடும். எறும்பு காணாமல் போனதும் ஒருவன் கைதட்டினான், இன்னொருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டேன்: “மழை பெஞ்சா இந்தக் குழி என்னாகும்?” கரைஞ்சுபோகும் என்றார்கள். “அப்ப இங்க இவ்வளவு குழி இருக்குதே?” ஒரு அமைதி. பிறகு என் மகன், “அப்ப இங்க மழை விழறதில்ல” என்றான். அதேதான். குழியானை நனையாத, உலர்ந்த பொடிமண்ணைத் தேடித்தான் குடியிருக்கும். திடீர் மழையில் எங்கே ஒதுங்கலாம் என்பதை ஒரு பூச்சி சொல்லிவிடுகிறது. இயற்கையை ரசிப்பது தனி, உயிர்பிழைக்கும் திறன் தனி என்று இரண்டு வகுப்பாகப் பிரித்து நடத்துபவர்களைக் கண்டால் எனக்கு ஏன் எரிச்சல் வருகிறது என்று இப்போது புரிந்திருக்கும்.

இதே கண்ணால் பார்க்கப் பழகியவர்களுக்குக் காடு நிறையச் சொல்லும். பறவைகள் சேர்ந்து ஒரே இடத்தைப் பார்த்துக் கூச்சல் போட்டால் அங்கே பாம்போ பூனையோ ஆந்தையோ இருக்க வாய்ப்பு அதிகம். தேனீயோ குளவியோ ஒரே பொந்துக்குள் போவதும் வருவதுமாக இருந்தால் அந்தப் பக்கம் கால் வைக்கக் கூடாது. ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, ஓடையின் சத்தம் கனத்தாலோ, அந்த நொடியே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கலாம். மேலே மலையில் எங்கோ மழை கொட்டியிருக்கும். இந்த ஒன்றை மட்டும் நான் மிகக் கண்டிப்பாகச் சொல்வேன். “பையை எடுத்துட்டு வரேன்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

கவனிக்கப் பழக்குவதற்கு எனக்கு மிகவும் கைகொடுத்தது உட்காரும் விளையாட்டு. ஆளுக்கொரு இடம், ஒருவருக்கொருவர் எட்டாத தூரம், ஆனால் என் கண்பார்வைக்குள். சின்னப் பிள்ளைகளுக்கு ஐந்து நிமிடம் போதும். பெரிய பிள்ளைகளுக்குக் கால்மணி நேரம். முதல் சில நிமிடங்கள் நெளிவார்கள், கல்லை எறிவார்கள். நாம் வந்த சலசலப்பு அடங்கிய பிறகுதான் பறவைகளும் அணில்களும் மறுபடி தலைகாட்டும். எழுந்து வந்ததும் “என்ன பார்த்த?” என்று கேட்காதீர்கள், பரீட்சைபோல ஆகிவிடும். “காத்து எந்தப் பக்கத்துலேர்ந்து அடிச்சது?” “ரொம்ப தூரத்துச் சத்தம் என்ன?” என்று கேட்டால் வாய் திறப்பார்கள்.

நடக்கும்போது அவ்வப்போது நின்று திரும்பிப் பார்க்கச் சொல்வதும் முக்கியம். போகும்போது தெரியும் காட்சி வேறு, திரும்பும்போது தெரிவது வேறு. இரட்டையாகப் பிரிந்த மரம் வேறு கோணத்திலிருந்து பார்த்தால் ஒற்றையாகத் தெரியலாம். வழிதவறும் பலர் பாதை பிரியும் இடத்தில், தாங்கள் முன்பு எதிர்த்திசையில் கடந்த இடம் என்று தெரியாமல்தான் தவறுகிறார்கள். திரும்பும் வழியில் முன்னால் நடக்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடமே கொடுப்பேன். தப்பான பக்கம் திரும்பினாலும் உடனே திருத்த மாட்டேன். சிறிது தூரம் போய் “இந்தப் பாறையை நாம பார்க்கலையே” என்று அவர்களே நிற்கும் வரை காத்திருப்பேன். நமக்கு வழி நன்றாகத் தெரிந்த இடத்தில், பகல் வெளிச்சம் நிறைய மிச்சமிருக்கும்போது மட்டும்தான் இதெல்லாம்.

திசை அறிய மரப்பாசியை நம்பாதீர்கள். வடக்குப் பக்கம்தான் பாசி பிடிக்கும் என்று புத்தகங்களில் படித்துவிட்டு வருவார்கள். ஈரமும் நிழலும் இருந்தால் எந்தப் பக்கமும் பிடிக்கும். அதற்குப் பதில் ஒரு குச்சி போதும். சமதளத்தில் செங்குத்தாக நட்டு, நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். இருபது நிமிடம் கழித்து நுனி நகர்ந்த இடத்தில் இன்னொரு கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. முதல் கல் இடப்பக்கமும் இரண்டாவது வலப்பக்கமும் இருக்கும்படி நின்றால் முகம் ஏறக்குறைய வடக்கைப் பார்க்கும். பூமியின் வடபாதியிலும் தென்பாதியிலும் இது ஒரேமாதிரிதான். அந்த இருபது நிமிடத்தில் பிள்ளைகள் ஏதாவது கொறித்துக்கொண்டிருக்கலாம்.

இருட்ட எவ்வளவு நேரம் இருக்கிறது என்று விரல்களால் அளக்கும் முறையும் உண்டு. கையை நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே எத்தனை விரல் கிடைமட்டமாக அடங்குகிறது என்று பார்ப்பது. (சூரியனை உற்றுப் பார்க்கக் கூடாது, விரலால் மறைத்துக்கொள்ள வேண்டும்.) ஒரு விரலுக்குக் கால்மணி நேரம் என்று பரவலாகச் சொல்கிறார்கள். அது எல்லா ஊருக்கும் பொருந்தாது. சூரியன் ஒரு டிகிரி நகர நான்கு நிமிடம் ஆகும். நீட்டிய கையில் ஒரு விரல் ஏறக்குறைய இரண்டு டிகிரியை மறைக்கும். நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் விரலுக்கு எட்டு நிமிடம்தான் கிடைக்கும். துருவத்தை நோக்கிப் போகப்போக அது சாய்வாக இறங்கும், நேரமும் கூடும். ஆகவே ஏதோவொரு மாலையில் உங்கள் பிள்ளையிடமே அளக்கச் சொல்லி, கடிகாரத்தோடு ஒப்பிட்டு, தன் விரலுக்கு எத்தனை நிமிடம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தானே கண்டுபிடித்த எண்ணை அது மறக்காது.

குளிர் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. வெப்பமான பகுதிகளிலும் நனைந்த உடம்போடு காற்றில் இரவைக் கழிப்பது ஆபத்து. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் சீக்கிரம் குளிர்ந்துபோவார்கள். நடுக்கம் எல்லோருக்கும் தெரியும் அறிகுறி. அதற்கு அடுத்தவைதான் கவனிக்க வேண்டியவை: பேச்சு குழறுவது, கால் இடறுவது, கையில் இருப்பது நழுவுவது, காரணமில்லாமல் சிணுங்குவது அல்லது திடீரென்று அமைதியாகிவிடுவது. கும்மாளம் போட்டுக்கொண்டு வந்த பிள்ளை பேச்சை நிறுத்தினால் நின்று பாருங்கள். நனைந்த பருத்தித் துணி உடம்புச் சூட்டைத் தக்கவைக்காது, உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஜீன்ஸ் அதில் மோசம். மாற்றுடை ஒன்று நனையாத உறைக்குள் இருக்கட்டும்.

ஒதுங்கிடம் கட்டுவது என்றால் பிள்ளைகள் உடனே கூரையைக் கட்டத் தொடங்குவார்கள். நான் கூரையைத் தள்ளிவைத்துவிட்டுப் படுக்கையைச் செய்யச் சொல்வேன். தரை உடம்புச் சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும், அதைத் தடுக்காமல் மேலே எதைப் போர்த்தியும் பயனில்லை. காய்ந்த சருகைக் குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டு, உள்ளே பூச்சி பொட்டு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முழங்கால் உயரத்துக்குக் குவிக்க வேண்டும். ஏறி உட்கார்ந்ததும் அது பாதியாக அமுங்கிவிடும். “இவ்வளவுதானா?” என்று மறுபடி அள்ளிக்கொண்டு வருவார்கள். அந்த அலுப்பே பாடம்.

ஆளுக்கொரு பெரிய குப்பைப் பையும் கொடுப்பேன், கண்ணைப் பறிக்கும் நிறத்தில். முகம் வெளியே தெரியும் அளவுக்கு ஓட்டையை வீட்டிலேயே நானே வெட்டிவிடுவேன். வெட்டாத பிளாஸ்டிக் பையைச் சிறு பிள்ளையின் கையில் தரக் கூடாது, மூச்சுத்திணறல் ஆபத்து. தலைவழியே போட்டுக்கொண்டு கால்களை உள்ளே இழுத்துக்கொண்டால் மழைக்கும் காற்றுக்கும் அது போதும். தூரத்திலிருந்தும் கண்ணில் படும்.

தண்ணீரில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவேன்: தெளிந்த நீர் வேறு, குடிக்கத்தக்க நீர் வேறு. கண்ணாடிபோல ஓடும் ஓடைக்கு மேலே ஏதாவது விலங்கு செத்துக் கிடக்கலாம். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேல் உயரமான இடமென்றால் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கிருமிதான் சாகும், ரசாயனக் கழிவு போகாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். காட்டுப் பழம் விஷயத்தில் விதி இன்னும் சுருக்கம்: பெரியவர்களைக் கேட்காமல் எதுவும் வாய்க்குள் போகக் கூடாது. பறவை தின்றால் நாமும் தின்னலாம் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. தவறு. பறவைக்கு ஒன்றும் செய்யாத சில பழங்கள் மனிதனைக் கொன்றுவிடும். ஒரு நாள் பசியில் யாரும் சாவதில்லை என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகவே சொல்வேன்.

மரத்தைக் கட்டிக்கொள் என்று சொல்லிவிட்டு இடி மின்னலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஆபத்து. தனித்து நிற்கும் உயரமான மரம் கூடவே கூடாது. ஒரே உயரமுள்ள பல மரங்களுக்கு நடுவே, அவற்றில் குட்டையான ஒன்றின் பக்கத்தில், தண்டைத் தொடாமல் தள்ளி உட்கார வேண்டும். மேடும் நீர்நிலையும் ஆகாது. மின்னல் தெரிந்ததிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணி மூன்றால் வகுத்தால் எத்தனை கிலோமீட்டர் என்று தெரிந்துவிடும். ஒலி ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறக்குறைய மூன்று நொடி எடுக்கும். கணக்கு சுவையானதுதான், ஆனால் இடி காதில் விழுந்தாலே மின்னல் நம்மை எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று பொருள். கட்டடமோ கதவடைத்த காரோ பக்கத்தில் இருந்தால் எண்ணிக்கொண்டிருக்காமல் அங்கே போய்விட வேண்டும். கூடாரம் பாதுகாப்பில்லை. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது.

பாம்பைப் பற்றிய பயம் பிள்ளைகளைவிடப் பெற்றோருக்குத்தான் அதிகம். பயத்தில் நியாயம் இருக்கிறது. உலகம் முழுவதும் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர்வரை பாம்புக்கடியால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதற்காகக் கதை சொல்லி மிரட்டத் தேவையில்லை, சில பழக்கங்கள் போதும். கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையை விடாதே. விழுந்து கிடக்கும் மரத்தை ஒரே எட்டில் தாண்டாதே, அதன்மேல் ஏறி நின்று அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்கு. இருட்டினால் டார்ச் இல்லாமல் ஓர் அடிகூட வேண்டாம். பாம்பைப் பார்த்தால் பின்னால் நகர்ந்து வழிவிடு. கடித்துவிட்டால் வெட்டுவதோ உறிஞ்சுவதோ இறுக்கிக் கட்டுவதோ கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மோதிரம், வளையல், கொலுசு இருந்தால் வீங்கும் முன் கழற்றிவிடுங்கள்.

சரி, கத்திக்கும் நெருப்புக்கும் வருவோம். வயதைவிடச் சுபாவத்தைப் பார்த்துத்தான் கத்தி கொடுப்பேன். சொன்னவுடன் நிற்கத் தெரிந்த ஏழு வயதுப் பிள்ளை, நிற்கத் தெரியாத பன்னிரண்டு வயதுப் பையனைவிட மேல். உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கை நீட்டினால் எட்டும் வட்டத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, கத்தி எப்போதும் உடம்பைவிட்டு வெளிப்பக்கமாகப் போக வேண்டும், தொடைக்கு மேலே வைத்துச் சீவவே கூடாது. மழுங்கிய கத்தி பாதுகாப்பு என்று நினைத்து அதைக் கொடுக்காதீர்கள். மழுங்கியதைத்தான் பலம் கொடுத்து அழுத்துவார்கள், அது வழுக்கும்.

நெருப்பில் அவர்கள் தடுமாறும் இடம் தீக்குச்சி இல்லை, பொறுமை. ஒரு மழைக்கு மறுநாள் என் அண்ணன் மகள் மூட்ட உட்கார்ந்தாள். கண்ணில் பட்ட பெரிய விறகை அடுக்கி, நடுவில் ஈரச் சருகைத் திணித்தாள். புகை வந்தது, கண்ணீர் வந்தது, தீ வரவில்லை. நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தானாக எழுந்து போய், தரையில் கிடந்ததை விட்டுவிட்டு மரக்கிளைகளில் சிக்கித் தொங்கிக்கொண்டிருந்த காய்ந்த சுள்ளிகளை ஒடித்துவந்தாள். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஒடித்துப் பார்த்தாள். ‘டக்’கென்று ஒடிந்தால் ஒரு பக்கம், சத்தமில்லாமல் வளைந்தால் தூர. தீக்குச்சி கனத்தில் ஒரு குவியல், பென்சில் கனத்தில் ஒன்று, கட்டைவிரல் கனத்தில் ஒன்று. இத்தனையும் தயாரான பிறகுதான் தீக்குச்சியை உரசினாள். இந்த மூன்று குவியலைத் தவிர நெருப்பைப் பற்றி நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இல்லை. அனுமதி உள்ள இடத்தில் மட்டும், காற்று இல்லாத நேரத்தில், பக்கத்தில் தண்ணீரோடு. அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையைச் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பார்த்து, சூடே இல்லை என்ற பிறகே கிளம்ப வேண்டும்.

கூட்டமாக நடக்கும்போது மெதுவாக நடக்கும் பிள்ளையை முன்னால் விடுங்கள். வேகமானவர்கள் முணுமுணுப்பார்கள். பின்னால் விட்டால், எல்லோரும் நின்று இளைப்பாறி முடிக்கும்போதுதான் அது வந்து சேரும், உடனே கிளம்பிவிடுவோம், ஓய்வே கிடைக்காது. களைத்த பிள்ளைதான் பின்தங்கும், பின்தங்கும் பிள்ளைதான் தொலையும். கடைசியில் எப்போதும் ஒரு பெரியவர் வர வேண்டும். கைபேசியை அணைக்க வேண்டியதில்லை, ஆனால் படம் எடுக்கவே சார்ஜைத் தீர்த்துவிடாதீர்கள். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் இருக்கும் ஒருவரிடம் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் உண்ணி, அட்டை ஒட்டியிருக்கிறதா என்று முழங்காலின் பின்பக்கம், அக்குள், காதின் பின்புறம் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

பையைப் பிள்ளைகளே கட்டட்டும். தண்ணீர், கொறிக்க ஏதாவது, குப்பைப் பை, மாற்றுடை, டார்ச். விருப்பமான பொம்மை ஒன்றும் வரலாம், தடுக்காதீர்கள். தூக்க முடியாத அளவுக்குத் திணித்தால் அரைமணி நேரம் தூக்கிப் பார்த்துவிட்டு அவர்களே எடுத்துவைத்துவிடுவார்கள். விசில் மட்டும் பைக்குள் போகக் கூடாது. ஓடைக்கரையில் கை கழுவப் போகும்போதும் பட்டாம்பூச்சியைத் துரத்தும்போதும் பையைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் போவார்கள். கழுத்தில் மாட்டினால் கிளையில் சிக்கலாம் என்பதால், நான் அதைச் சட்டையின் முன்பக்கம் ஊக்கில் கோத்துவிடுகிறேன்.